ராகிக் கொல்லைக்கு எழுதிய டெஸ்ட்

ஆறு வருடம் நான் அடுத்தவர் எழுதிய ப்ரோக்ராமில் குற்றம் கண்டுபிடித்துப் பிழைத்தேன். சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. எந்தப் பொத்தானை இரண்டு முறை அமுக்கினால் திணறும், பெயர் கேட்கும் கட்டத்தில் எண்ணைப் போட்டால் எங்கே விழும் என்பதெல்லாம் எனக்குக் கைவந்த கலை. ஆனால் விழுந்ததைத் தூக்கி நிறுத்த எனக்கு அனுமதி இல்லை. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே இல்லை. எங்கள் கம்பெனியில் ப்ரோக்ராம் எழுதுகிறவர்களுக்கு மட்டும்தான் அதைத் திருத்தும் உரிமை கொடுத்திருந்தார்கள். டெஸ்ட் பண்ணுகிறவர்கள் திறந்து படிக்கலாம். ஒரு கமாவைக்கூட நகர்த்த முடியாது. திரையில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தால்கூட நான் புகார் எழுதிப் போட்டு, அது வரிசையில் நின்று, யாரோ ஒருவருக்கு மனசு வந்து திருத்துகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆறு வருடமும் எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது.

கம்பெனி பெங்களூரில். நான் அதியமான்கோட்டையில், ஹைவே ஓரத்து மாடி அறை ஒன்றில். கீழே பஞ்சர் கடை. லாரி டயரைச் சம்மட்டியால் அடிக்கிற சத்தம் இல்லாமல் எனக்கு ஒரு மீட்டிங்கும் நடந்ததில்லை. அந்தச் சத்தத்துக்குப் பயந்து மைக்கை அணைத்தே வைத்திருப்பேன். அப்படியே பழகி, பேச வேண்டிய இடத்திலும் வாயைத் திறக்காமல் இருந்துவிடுவேன். நேரில் என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். வீட்டில் நான் வாயை மூடினால்தான் அதிசயம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் எங்கள் டீம் தலைவி போன் பண்ணினார். ஓசூர்க்காரர், என்னைவிட ஐந்து வயது சின்னவர், விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறவர்.

"கையால டெஸ்ட் பண்ற டீம ஜனவரியோட மூடறாங்க. உங்கள எப்படியாச்சும் ப்ரோக்ராம் பக்கம் இழுத்துக்கலாம்னு பாக்கறேன். ஆனா சும்மா கேட்டா மேல ஒத்துக்க மாட்டாங்க. விசிட்டர் பகுதிக்கு யூனிட் டெஸ்ட் எழுதிக் காட்டுங்க. ரெண்டு வாரம். நல்லா வந்தா சேத்துக்கறேன்."

"வரலைன்னா மேடம்?"

"வரலைன்னா நான் என்னங்க பண்ண முடியும்."

போனை வைத்தேன். முப்பத்தெட்டு வயதில் வேலை போனால், மறுபடி பெங்களூரில் ஒவ்வொரு கம்பெனியாக ஏறி இறங்கி, என்னைவிடப் பாதி வயதுள்ள பிள்ளைகளோடு வரிசையில் நிற்க வேண்டும். அது ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னொரு பக்கம், உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. யூனிட் டெஸ்ட் என்பது, ப்ரோக்ராமின் ஒவ்வொரு துண்டும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க எழுதுகிற குட்டி ப்ரோக்ராம். ஆறு வருடத்தில் முதல்முறையாக என்னை ஏதோ எழுதச் சொல்லியிருக்கிறார்கள். டெஸ்ட்டுகளை வைக்க எனக்கென்று ஒரு தனி மூலை ஒதுக்கினார்கள். ப்ரோக்ராமைத் தொட அப்போதும் அனுமதி இல்லைதான். இருந்தாலும் அந்த மூலை என்னுடையது.

அந்த ப்ரோக்ராம் காரிமங்கலம் சுற்றுவட்டாரத்து விவசாயிகள் குழு ஒன்றுக்காக எழுதப்பட்டது. உறுப்பினர்களின் நிலத்தில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று பதிந்துவிட்டால், வரும் பட்டத்துக்கு யாருக்கு என்ன விதை வேண்டும் என்று பட்டியல் போட்டுத் தரும். நிலங்களை அது நான்கு வகையாகப் பிரித்து வைத்திருந்தது: தனிப்பயிர், தோப்பு, பாசனப் பயிர், கலப்புப் பயிர். வகைக்கு ஒரு கிளாஸ், அதாவது அந்த வகையின் விவரமெல்லாம் அடங்கிய ஒரு தனித் துண்டு. விதை எவ்வளவு, உரம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கிற வேலைகளை எல்லாம் அந்த நான்கு கிளாஸுக்குள்ளும் திணித்தால் குப்பையாகிவிடும். அதனால் ஒவ்வொரு வேலையையும் தனியே ஒரு விசிட்டராக எழுதுவார்கள். விசிட்டர் ஒவ்வொரு நிலமாகப் போகும். போனதும் அந்த நிலம், 'நான் தோப்பு, என்னைத் தோப்பாக வைத்துப் பார்' என்று தன் வகையைத் தானே சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொல்கிற சின்னத் துண்டுக்கு அக்செப்ட் என்று பெயர். அது சொன்னபடி விசிட்டர் தன்னிடம் இருக்கிற நான்கு வழிகளில் ஒன்றைப் பிடித்து வேலையை முடிக்கும். இவ்வளவுதான் விஷயம். இதையே பாடப் புத்தகங்களில் அம்புக்குறி போட்டு இருபது பக்கத்துக்கு இழுத்து, படிக்கிறவர்களுக்குத் தலைவலி வரவைத்துவிடுவார்கள்.

எழுதியவர் ஒரு சேலத்துக்காரர். டீமிலேயே மூத்தவர். நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேச மாட்டார். தான் எழுதிய ப்ரோக்ராமை யாராவது குறை சொன்னால் மட்டும், பெண் பார்க்க வந்தவர்கள் மகளைக் குறை சொல்லிவிட்டதுபோல அவர் முகம் போய்விடும்.

முதல் நாள் நாங்கள் மூன்று பேரும் ஆன்லைனில் உட்கார்ந்தோம். எதை முதலில் எடுக்கட்டும் என்று கேட்டேன்.

"தனிப்பயிர், தோப்பு, பாசனம், இந்த மூணையும் நல்லா பாருங்க" என்றார் அவர். "கலப்ப கடைசியா வெச்சிக்கலாம். அத நானே டெஸ்ட் பண்ணிட்டேன். உங்க பக்கம் கலப்பு நெறைய போடுவாங்களாங்க?"

நான் மைக்கைத் திறந்தேன். எங்கள் பக்கம் புன்செய் நிலத்தைக் கொல்லை என்போம்; அந்த மூன்று பேரில் அதில் கால் வைத்தவள் நான் ஒருத்திதானே, விடுவேனா.

"எங்க பக்கம் யாருங்க சார் கலப்பு போடறாங்க. மானாவாரி பூமி. போட்டா ராகி, போட்டா கடல. கலப்பெல்லாம் தண்ணி இருக்கறவங்க சமாச்சாரம்."

அவ்வளவு உறுதியாகச் சொன்னேன். என் மனதில் கலப்புப் பயிர் என்றால் விவசாயப் பத்திரிகையில் வருகிற வண்ணப் படம்: தென்னைக்கு நடுவே வாழை, வாழைக்கு அடியில் ஏதோ ஒன்று, பக்கத்தில் சட்டையில் மடிப்புக் கலையாத ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்பார். தலைவி 'சரி, கலப்பு கடைசி' என்று குறித்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் வேலையை ஆரம்பித்தேன். முதலில் ஒரு பொய் விசிட்டரை எழுதினேன். விதை உரம் என்று எதையும் அது பார்க்காது. அதன் வேலை ஒன்றே ஒன்று: ஒவ்வொரு நிலத்துக்கும் போய், அது தன்னை என்ன வகை என்று சொல்லிக்கொண்டது என்பதைக் குறித்துக்கொண்டே வருவது. சுற்றி முடித்ததும், அது குறித்துக்கொண்டு வந்ததும் நான் எதிர்பார்த்ததும் ஒன்றாக இருக்கிறதா என்று டெஸ்ட் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒன்றானால் பச்சை. மாறினால் சிவப்பு. எழுதி முடித்தபோது மொத்தம் இருபது வரிதான். ஆனால் அதைப் பார்த்துப் பார்த்து ரசித்தேன். பொய் விசிட்டர் என்றாலும் என் விசிட்டர்.

பிறகு மாதிரிக்கு நிலம் வேண்டுமே. எல்லோரும் 'நிலம் ஒன்று, நிலம் இரண்டு' என்று எதையாவது போட்டு ஒப்பேற்றுவார்கள். எனக்கு அந்தச் சப்பென்ற வேலை பிடிக்காது. காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் வாக்கப்பட்டு, அங்கேயே விவசாயம் பார்க்கிற என் அக்காவின் நிலத்தையே எடுத்துப் போட்டேன். ராகிக் கொல்லை, தனிப்பயிர். கடலைக் கொல்லை, தனிப்பயிர். மேட்டு மாந்தோப்பு, தோப்பு. கிணற்றடித் தக்காளி, பாசனம். எல்லாம் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு நடக்கத் தெரிந்த இடங்கள். அதை வைத்து டெஸ்ட் மேல் டெஸ்ட்டாக எழுதிக்கொண்டே போனேன். நிலமே இல்லாத உறுப்பினர், ஒரே உறுப்பினருக்குப் பத்து நிலம், பரப்பு பூஜ்யம், ஒரே நிலத்தை இரண்டு தடவை பதிந்தால் என்ன ஆகும். ஓட்டினால் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பச்சைப் புள்ளிகள் இறங்கும். அதைப் பார்க்கிற சுகம் இருக்கிறதே, அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். இரண்டாவது வாரம் வியாழக்கிழமை நாற்பது டெஸ்ட்டுகள் பச்சையாக நின்றன. வெள்ளிக்கிழமை தலைவிக்குக் காட்ட வேண்டும். திங்கட்கிழமை மூன்று கிராமங்களில் ப்ரோக்ராமைப் போட்டு ஓட்டிப் பார்க்கப் போகிறார்கள். கலப்பு ஒன்றுதான் பாக்கி, அதையும் பேருக்கு ஒன்று எழுதிவிட்டால் முடிந்தது என்று இருந்தேன்.

அன்று மதியம் அக்கா பை போட்டு விட்டிருந்தாள். சேலம் போகிற பஸ்ஸில் கண்டக்டரிடம் சொல்லிப் போட்டு விடுவாள். நான் ஸ்டாப்பில் நின்று வாங்கிக்கொள்வேன். எங்களுக்குள் அது எப்போதும் நடக்கிறதுதான். பை நிறைய அவரைக்காய். கொட்டை முற்றி, தோல் மினுமினுவென்று இருந்தது. கொட்டையைத் தோல் பிதுக்கிப் போடுகிற பிதுக்கம்பருப்புக் குழம்புக்கு ஆகும் என்று முறத்தில் கொட்டி, கம்ப்யூட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தேன். ஒரு பக்கம் டெஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா போன் பண்ணினாள்.

"பை வந்துதா பாப்பா?"

"வந்துச்சு. ஏது இவ்ளோ அவர? எங்க போட்ட?"

"எங்க போடுவாங்க. ராகிக் கொல்லையிலதான்."

"ராகிக் கொல்லையிலயா?"

"ஏன்டி, என்னமோ புதுசா கேக்கற. ராகி அறுத்தாச்சு, அவர நிக்குது. தொவர இன்னும் காய் புடிச்சிட்டு நிக்குது. ஓரத்துல ஆமணக்கு கெடக்குது. கம்ப்யூட்டரப் பாத்துப் பாத்து கொல்லையே மறந்துபோச்சா உனக்கு?"

கையில் இருந்த அவரைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறக்கவெல்லாம் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் கொல்லையில் அவரை விதை போட்டவளே நான்தான். ராகி விதைத்த உழவுச் சால்களுக்கு நடுவே, இத்தனை சாலுக்கு ஒரு சால் என்று விட்டுவைத்து, அதில் அவரையும் துவரையும் கலந்து போடுவோம். மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்து உறவுக்காரர்கள் அதை அக்கடி என்பார்கள். ராகி முதலில் வீட்டுக்கு வந்துவிடும். மார்கழியில் அவரை வரும். தை கடந்து துவரை வரும். எங்கள் ஊரில் ராகி மட்டும் தனியாக நிற்கிற கொல்லையை நான் பார்த்ததே இல்லை. ஆனால் யாரைக் கேட்டாலும், காரிமங்கலம் சந்தையில் நின்று நூறு பேரைக் கேட்டாலும், "என்ன போட்டிருக்கீங்க?" என்றால் "ராகி" என்றுதான் சொல்வார்கள். அவரையையும் துவரையையும் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. ராகி என்றால் அதெல்லாம் உள்ளேதான் இருக்கும், அதைப் போய் எதற்குச் சொல்வது. நானும் அப்படியே டைப் அடித்துவிட்டேன். ராகிக் கொல்லை, தனிப்பயிர். அது போதாதென்று, எங்கள் பக்கம் கலப்பே கிடையாது என்று மீட்டிங்கில் வேறு முழங்கியிருக்கிறேன்.

"என்னடி சத்தத்தையே காணோம்" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா. அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், கையில் அவரைத் தோலோடு.

திங்கட்கிழமை ஓடப் போகிற மூன்று கிராமங்களில் நிலத்தைப் பதிந்தவர்கள் யாரையும் கேட்டுப் பதியவில்லை. கொல்லைக்கே போய், கண்ணால் பார்த்து, சால் வரைக்கும் குறித்து வந்திருந்தார்கள். அப்படியானால் அங்கே இருக்கிற ராகிக் கொல்லை அத்தனையும் கலப்பு என்றுதான் பதிவாகியிருக்கும். கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் ஒதுக்கி வைத்த வகைதான் அங்கே முக்கால்வாசி நிலம்.

முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு மாதிரியை மாற்றினேன். ராகிக் கொல்லை, கலப்பு. முதல் பயிர் ராகி, நடுச் சால்களில் அவரை, துவரை. என் பொய் விசிட்டர் சுற்றி வந்தால் அந்த இடத்தில் 'கலப்பு' என்று குறித்திருக்க வேண்டும் என்று டெஸ்ட்டில் எழுதினேன். ஓட்டினேன்.

சிவப்பு.

எதிர்பார்த்தது கலப்பு, வந்தது தனிப்பயிர் என்று நின்றது. எனக்கு முதலில் சந்தேகம் என் மேல்தான். இத்தனை வருடம் வாசிக்க மட்டும் விட்டிருந்தால் அப்படித்தான் இருக்கும். டெஸ்ட்டை மூன்று தடவை எழுத்துக் கூட்டிப் படித்தேன். தப்பில்லை. விதைப் பட்டியல் போடுகிற நிஜ விசிட்டரை விட்டுப் பார்த்தேன். ராகி விதை என்று ஒரே வரி வந்தது. அவரையும் இல்லை, துவரையும் இல்லை. பிழை என்று ஒரு செய்திகூட இல்லை. பட்டியல் பார்க்க லட்சணமாக இருந்தது.

அப்புறம்தான் கலப்புப் பயிரின் கிளாஸைத் திறந்தேன். தனிப்பயிர் கிளாஸுக்குப் பிள்ளையாக அதை எழுதியிருந்தார். தாயிடம் இருப்பதெல்லாம் பிள்ளைக்கும் கிடைக்கும், புதிதாக வேண்டியதை மட்டும் சேர்த்தால் போதும் என்ற சௌகரியத்துக்காக. சால் விவரம் இருந்தது. பரப்புப் பிரிக்கிற துண்டு இருந்தது. அக்செப்ட் இல்லை. எழுதாமலே விட்டுவிட்டார். அதனால் விசிட்டர் வந்து நின்றதும் கலப்புக்குப் பதிலாகத் தாயின் அக்செப்ட் முன்னே வந்து, 'நான் தனிப்பயிர்' என்று சொல்லி அனுப்பிவிட்டது. தனி அடுப்பு வைத்துவிட்ட தம்பி குடும்பத்துக்கும் சேர்த்து அண்ணனே வாசலில் நின்று கல்யாணப் பத்திரிகையை வாங்கி வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி. விசிட்டரைக் குற்றம் சொல்ல முடியாது. கலப்புக்கான வழி அதனிடம் அழகாகத்தான் எழுதப்பட்டிருந்தது. அந்த வழிக்கு யாரும் அதை அனுப்பவே இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சந்தோஷம்தான், மறைப்பானேன். நாற்பது பச்சையில் கிடைக்காத சந்தோஷம் அந்த ஒரு சிவப்பில் கிடைத்தது. கையால் தட்டித் தட்டிப் பார்த்திருந்தால் இது சிக்கியே இருக்காது. பட்டியல் வந்ததா, வந்தது என்று தாண்டிப் போயிருப்பேன்.

ஆனால் ஒரு முள் இருந்தது. இதைக் காட்ட வேண்டுமானால், நான் சொன்னது தப்பு என்று முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். அதுவும் என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு பண்ணப் போகிறவர் முன்னால். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நான். மென்று விழுங்கிப் பார்த்தேன். முடியவில்லை. சரி, போனால் போகட்டும் என்று வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் போய் உட்கார்ந்தேன்.

"நான் ஒண்ணு தப்பா சொல்லிட்டேங்க மேடம். எங்க பக்கம் கலப்பு போடறதில்லைன்னு சொன்னேன். எங்க பக்கம் ராகி போடற எல்லாருமே கலப்புதான்."

"என்னங்க இது" என்றார் தலைவி. "அன்னிக்கு அவ்ளோ உறுதியா சொன்னீங்க."

"ஆமாங்க. அவரையும் தொவரையும் அதுக்குள்ள எப்பவும் நிக்கும். நாங்க அத ஒரு பயிரா வெளிய சொல்றதே இல்ல. எனக்கே நேத்துதான் ஒறச்சுது."

"சரி, எப்படி இருந்தா என்னங்க" என்று சேலத்துக்காரர் உள்ளே வந்தார். "கலப்பத்தான் நான் டெஸ்ட் பண்ணிட்டேனே." தன் திரையைக் காட்டினார். அவர் எழுதிய டெஸ்ட் பச்சையாக நின்றது.

நான் அதை வரி வரியாகப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு முட்டியது. அவர் ஒரு கலப்பு நிலத்தைச் செய்து, விதை விசிட்டரையும் செய்து, அதன் கலப்பு வழியைத் தானே நேராகக் கூப்பிட்டிருந்தார். நிலத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீழே பஞ்சர் கடையில் சம்மட்டி அடி ஆரம்பித்தது. மைக்கை அணைக்கவில்லை.

"சார், நீங்க விசிட்டரக் கையப் புடிச்சு நேரா கலப்பு வழியில கொண்டுபோய் விட்டுட்டீங்க. திங்கக்கெழம நெசமா ஓடும்போது அப்படிக் கொண்டுபோய் விட யாருங்க இருக்கறாங்க? நெலம் தானா சொல்லணும். இது சொல்ல மாட்டேங்குது."

"ஏன் சொல்லாது?"

"ஓட்டறேன், பாருங்க."

ஓட்டினேன். சிவப்பு வந்து நின்றது. அடுத்து விதைப் பட்டியலைக் காட்டினேன், ராகி என்ற ஒற்றை வரியோடு. கீழே சம்மட்டி அடித்துக்கொண்டிருந்தது. அவர் தான் எழுதியதைத் திறந்து மேலும் கீழும் உருட்டுவது தெரிந்தது.

"அட" என்றார். "அக்செப்ட் எழுதவே இல்லியா நானு."

முகம் போய்விடும் என்று நினைத்தேன். சும்மா சொல்லக் கூடாது, மனிதர் சிரித்துவிட்டார். தலைவியும் சிரித்தார். "திங்கக்கெழம மானம் போயிருக்கும்ங்க" என்றார். "சரி சார், சாயங்காலத்துக்குள்ள திருத்திடுங்க."

"அஞ்சு நிமிஷ வேலைங்க. நான் போட்டுடறேன்."

அந்த இடத்தில் எனக்குச் சுர்ரென்று ஏறியது. யார் மேலும் கோபம் என்று சொல்ல முடியாது. கண்டுபிடித்தவள் ஒருத்தி, எழுதப் போகிறவர் இன்னொருவர், வழக்கம்போல. இந்தத் தடவையும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், அந்த மீட்டிங் இன்னும் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

"நான் எழுதறேங்க" என்றேன்.

"உங்களுக்கு அனுமதி இல்லியே" என்றார் தலைவி.

"இல்லைங்க. குடுங்க."

"அதெல்லாம் ஜனவரி முடியட்டும், மேல பேசிட்டு..."

"ரெண்டு வாரத்துல நல்லா வந்தா சேத்துக்கறேன்னு சொன்னீங்க மேடம். ரெண்டு வாரம் இன்னிக்கோட முடியுது. நல்லா வந்துருக்குதா இல்லியா, இப்பவே சொல்லிடுங்க."

தலைவி பதில் சொல்வதற்குள் சேலத்துக்காரர் குறுக்கே வந்தார்.

"குடுங்க மேடம். நான் எழுதி நானே சரின்னு சொன்னதுலதான் இது இவ்ளோ தூரம் வந்துச்சு. அவங்க எழுதட்டும். நான் பாத்து சொல்றேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேமரா அணைந்திருந்தது நல்லதாகப் போயிற்று. தலைவி ஒரு பெருமூச்சு விட்டார். "ஒரு மணி நேரம் குடுங்க, மேல பேசறேன்" என்றார்.

இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் அவரையை எல்லாம் உரித்து முடித்துவிட்டேன். மூன்று தடவை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். மெயில் வந்தது. இரண்டே வரி. ஒன்றில், ப்ரோக்ராமைத் திருத்தும் அனுமதி எனக்கு வழங்கப்பட்டது என்று இருந்தது. இன்னொன்றில், திங்கட்கிழமை முதல் நான் ப்ரோக்ராம் டீமில் என்று இருந்தது. அனுமதியை முதலில் எழுதியிருந்ததால் அதைத்தான் முதலில் படித்தேன். நியாயமாக வேலை நிலைத்ததற்குத்தான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் சந்தோஷப்பட்டது முதல் வரிக்கு.

கலப்புப் பயிரின் கிளாஸைத் திறந்து மூன்று வரி எழுதினேன். முதல் வரி அக்செப்ட்டின் தலைப்பு. இரண்டாவது, வந்த விசிட்டரைக் கலப்பு வழிக்கு அனுப்புவது. மூன்றாவதில் வெறும் அடைப்புக்குறி. ஐந்து நிமிட வேலை என்று அவர் சொன்னது பொய்யில்லை. எனக்கு அரை மணி நேரம் ஆனது. ஒவ்வொரு எழுத்தையும் தடவித் தடவி வைத்தேன். பிறகு எல்லா டெஸ்ட்டையும் ஒருசேர ஓட்டினேன். பச்சை மேல் பச்சையாக இறங்கியது. நாற்பத்தோராவது இடத்தில் ராகிக் கொல்லையும் பச்சையானது. விதைப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ராகி, அவரை, துவரை. மூன்று வரி. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, அறைக்குள் யாருமில்லாத தைரியத்தில், இரண்டு கையையும் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன்.

சேலத்துக்காரருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் சரி என்று ஒப்புதல் வந்தது. கூடவே ஒரு கேள்வி: "உங்க பக்கம் வேற என்னென்னங்க சொல்லாம போடறீங்க?" கடலைக் கொல்லையிலும் துவரைச் சால் உண்டு என்று எழுதினேன். அதற்கும் ஒரு டெஸ்ட் எழுதி அனுப்பினேன்.

திங்கட்கிழமை மூன்று கிராமத்திலும் பட்டியல் ஒழுங்காக வந்தது. யாரும் என்னைக் கூப்பிட்டு எதுவும் சொல்லவில்லை. ஒழுங்காக வந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள், இந்தத் தொழில் அப்படி. மதியத்துக்கு மேல் எனக்கு ஒரு அறிவிப்பு வந்தது. சேலத்துக்காரர் தண்ணீர் விசிட்டரைப் புதிதாக எழுதியிருக்கிறார். பார்த்துச் சொல்ல வேண்டியவர் என்ற இடத்தில் என்னைப் போட்டிருக்கிறார். நான் சரியென்று சொல்கிற வரைக்கும் அது உள்ளே போக முடியாது. அறுபது வரி இருந்தது. மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தேன். சுத்தமாக எழுதியிருந்தார், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒப்புதல் பொத்தானுக்குப் பக்கத்தில் எழுத ஒரு கட்டம் இருந்தது. "டெஸ்ட் எங்கங்க சார்?" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.